இன்சுலினும் இயந்திரமும்

கனடா தேசத்தின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்திலே, 1921 ஆம் ஆண்டு கழிந்து 1922 ஆம் ஆண்டு பிறந்த அந்தக் குளிர்காலத்தில், ஜேம்ஸ் கொலிப் என்னும் இரசாயன அறிஞர் முயல்களைக் கொண்டு ஒரு பரிசோதனை நிகழ்த்திக்கொண்டிருந்தார். விலங்கின் கணையத்திலிருந்து வடித்தெடுத்த சாற்றினை அவர் அம்முயல்களுக்கு ஊசிமூலம் ஏற்றினார். சிறிது நேரத்தில் அவை கடும்பசி கொண்டனபோலப் பரபரத்தன. பின்னர் தலையைப் பின்னுக்கு வளைத்து வலிப்புற்று வீழ்ந்தன. இறந்தனவோ என்று எண்ணத்தக்க நிலையிற் கிடந்த அவற்றுக்குக் குளுக்கோசுக் கரைசலை ஏற்றியதும், சில நிமிடங்களுக்குள் எழுந்து முன்போல் ஓடத் தொடங்கின. உயிரைக் காக்க வந்த மருந்து, அளவு மீறினால் இரத்தத்திலுள்ள சீனியை அடிமட்டத்திற்கு இறக்கிவிடும் என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டுவிட்டது. இதில் இன்னொரு வியப்பும் உண்டு. அம்மருந்தின் அளவையே முயலின் வலிப்பை வைத்துத்தான் அக்காலத்தில் நிறுத்தார்கள். முயலொன்றின் இரத்தச் சீனியை வலிப்பு உண்டாகும் நிலைக்கு இறக்கப் போதுமான மருந்து ஓர் அலகு எனக் கணக்கிடப்பட்டது. இன்சுலின் என்று உலகம் அறிந்த அம்மருந்தின் நன்மையும் ஆபத்தும் பிறக்கும்போதே ஒன்றாய்ப் பிறந்தன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த ஆபத்து ஆய்வுகூடத்தில் நின்றவரை அது வைத்தியர்களின் கவலையாக இருந்தது. மருந்தை ஏற்றிக்கொண்ட மனிதன் எழுந்து நடந்து, பாரவூர்தியின் சக்கரத்தையும் பாரந்தூக்கியின் நெம்புகோலையும் கையிற் பற்றியபோது அது சட்டத்தின் கவலையும் ஆயிற்று. அக்கவலையின் வரலாறு ஏறக்குறைய நூறாண்டு நீண்டது.

நீரிழிவு எனவும் சலரோகம் எனவும் மதுமேகம் எனவும் நம்மவர் வழங்கும் நோய் மிகப் பழையது. சுசுருதர் பெயரால் வழங்கும் வைத்திய நூலிலும் அது பேசப்படுகின்றது. கிரேக்க வைத்தியர் அரேற்றியஸ் என்பவரும் அதனை விரிவாக வருணித்துள்ளார். நோயாளியின் சிறுநீரில் இனிப்பாக இருப்பது சீனியே என்று 1776 ஆம் ஆண்டில் மத்தியூ டொப்சன் என்னும் ஆங்கில வைத்தியர் காட்டினார். கணையத்தை அகற்றிய நாய்க்கு இந்நோய் உண்டாவதை 1889 ஆம் ஆண்டில் ஸ்திராஸ்பூர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, பொன் மேறிங் என்னும் இருவர் கண்டனர். காரணம் புலப்பட்டதேயன்றிக் கைகண்ட மருந்து எதுவும் கிடைக்கவில்லை. இளவயதில் இந்நோய் வாய்ப்பட்டோர் ஓரிரு ஆண்டுகளில் இறந்தனர். உணவை எலும்பும் தோலுமாகும்வரை குறைத்துச் சில மாதங்கள் உயிரை நீட்டிப்பதே அமெரிக்காவில் பிரெடரிக் அலன் என்பவர் வகுத்த சிகிச்சையாக இருந்தது. அத்தகைய நோயாளி பட்டறைக்குப் போவது எங்கே? அக்காலத்தில் இயந்திரமும் நீரிழிவும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை எனலாம்.

இயந்திரத்தைப் பற்றிய சட்டமோ அதற்கு முன்பே தன் வழியில் வளர்ந்து வந்தது. இங்கிலாந்தில் 1844 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சுழலும் பொறிகளுக்கு வேலியிட வேண்டும் என்று விதித்தது. இலங்கையிலும் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் அவ்வழியே சென்றது. சக்கரம், வார், பற்சில்லு, கொதிகலன் ஆகியவற்றையே இச்சட்டங்கள் நோக்கின. இயந்திரத்திற்கு வேலி கட்டிவிட்டால் மனிதன் தப்பிவிடுவான் என்பதே அவற்றின் அடிப்படை எண்ணம். வேலிக்கு இப்பால் நிற்பவனின் இரத்தத்தில் என்ன நிகழ்கின்றது என்று கேட்க அன்று எவருக்கும் தோன்றவில்லை. தோன்றாமற் போனதில் குற்றமுமில்லை.

1922 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆம் நாள் ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அச்சாறு முதன்முதலாக ஏற்றப்பட்டது. அது பெரும்பயன் தரவில்லை. கொலிப் அதனை மேலும் தூய்மையாக்கிக் கொடுக்க, அம்மாதம் 23 ஆம் நாள் மீண்டும் ஏற்றினர். சிறுவன் தேறினான். பிரெடரிக் பான்ரிங், சார்ள்ஸ் பெஸ்ற், பேராசிரியர் மக்லியோட், கொலிப் ஆகிய நால்வரும் இக்கண்டுபிடிப்பிற் பங்குகொண்டவர்கள். 1923 ஆம் ஆண்டின் நோபெல் பரிசு பான்ரிங்குக்கும் மக்லியோட்டுக்கும் வழங்கப்பட்டது. பான்ரிங் தம் பங்கிற் பாதியைப் பெஸ்றுக்கும், மக்லியோட் தம் பங்கிற் பாதியைக் கொலிப்புக்கும் பகிர்ந்தளித்தனர். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்திற்கு ஆளுக்கொரு டொலருக்குக் கையளித்ததும் அக்காலத்து நிகழ்ச்சியே. மருந்து சில ஆண்டுகளுக்குள் பல நாடுகளுக்குப் பரவிற்று. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்தார்கள். எழுந்தவர்களுக்குப் பசித்தது, குடும்பம் இருந்தது, தொழில் வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் ரொபேர்ட் டானியல் லோறன்ஸ் என்பவரின் கதையைச் சற்று நின்று கூறுதல் தகும். ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகரிற் பிறந்த இவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் சத்திரசிகிச்சையிற் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் பிணத்தின்மீது காதெலும்புச் சிகிச்சையைப் பழகுங்கால் எலும்புச் சிம்பொன்று தெறித்து அவருடைய கண்ணிற் பாய்ந்தது. புண் ஆறாது சீழ்பிடிக்கவே, காரணம் தேடியபோது அவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அஃது இன்சுலின் தோன்றுவதற்கு முந்திய காலம். நாட்கள் எண்ணப்பட்டன என உணர்ந்த லோறன்ஸ், தம் சாவு குடும்பத்தாருக்குப் பாரமாகாதிருக்கட்டும் என்று இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகருக்குச் சென்று அங்கே வைத்தியத் தொழில் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். 1923 ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனிலிருந்து ஹரிசன் என்னும் சக வைத்தியரிடமிருந்து செய்தி வந்தது. இன்சுலின் கிடைத்துவிட்டது, அது பயன் தருகின்றது, விரைந்து வருக என்பதே அதன் சாரம். மெலிந்த உடலோடு திரும்பிய அவருக்கு அம்மாத இறுதியில் முதலாவது ஊசி ஏற்றப்பட்டது. அதன்பின் நாற்பத்தைந்து ஆண்டுகள், 1968 ஆம் ஆண்டு வரை, அவர் உயிர்வாழ்ந்தார்.

உயிர் பிழைத்தவர் வாளாவிருக்கவில்லை. உடலுழைப்பு இன்சுலினுடைய வேகத்தைக் கூட்டுகின்றது என்பதைப் பரிசோதித்து 1926 ஆம் ஆண்டில் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டார். உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சீனியைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆகவே நாற்காலியில் இருப்பவனுக்குப் போதுமான ஊசி, மூட்டை தூக்குபவனுக்கு மிகையாகிவிடும். அவ்விளைவு வேலை முடிந்த பின்னரும் பல மணிநேரம், சில வேளை மறுநாள் வரையும், நீடிக்கும் என்பதையும் பிற்கால ஆய்வுகள் காட்டின. தொழிலாளியைப் பொறுத்தவரை இக்கட்டுரை முழுவதற்கும் ஆணிவேர் இந்த உண்மையே. லோறன்ஸ் தம் நோயாளியும் நாவலாசிரியருமான எச். ஜி. வெல்ஸ் என்பவரோடு சேர்ந்து 1934 ஆம் ஆண்டில் நீரிழிவாளர் சங்கமொன்றை இலண்டனில் நிறுவினார். நோயாளிகள் தாமே கூடித் தம் நலன்களுக்காகப் பேசத் தொடங்கியமைக்கு இச்சங்கம் முன்மாதிரியாயிற்று.

இன்சுலின் ஊசிக்கு ஒரு கடிகாரம் உண்டு. முதன்முதல் வந்த இன்சுலின் ஏற்றி அரைமணி நேரத்திற் செயற்படத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணிநேரத்திற்குள் உச்சம் பெறும். காலையில் ஊசி போட்டுக்கொண்டு ஆலைக்குச் சென்றவனுக்கு நண்பகல் உணவுச் சங்கு ஊதுமுன்னரே ஆபத்து வேளை வந்துவிடும். 1936 ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹகடோர்ன் என்பவர் மீனிலிருந்து பெற்ற புரதமொன்றைச் சேர்த்து மெதுவாகக் கரையும் இன்சுலினை ஆக்கினார். ரொறன்ரோவில் அதனுடன் நாகமும் சேர்த்து மேலும் நீடிக்கச் செய்தனர். ஒருநாளைக்கு ஓர் ஊசி போதும் என்றானது பெரிய ஆறுதலே. ஆயின் ஆபத்து வேளை நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடம்மாறிற்று. இரவு முறை வேலை செய்வோருக்கு அது நற்செய்தியன்று. 1940களின் பிற்பகுதியில் வந்த நடுத்தர வேகமுள்ள இன்சுலினோ அவ்வேளையைப் பிற்பகலுக்குத் தள்ளியது. ஆக, எந்த மருந்து, எந்த வேளை, எந்த முறை வேலை என்பன ஒன்றோடொன்று பிணைந்த கணக்காயின. உணவு பத்து நிமிடம் தாமதித்தாலும் அக்கணக்குப் பிழைக்கக்கூடும். அரைமணி மேலதிக வேலை செய்யுமாறு மேற்பார்வையாளர் சொல்லும் ஒரு சாதாரணச் சொல் என்ன செய்யும் என்பதை அவரும் அறியார். கேட்கும் தொழிலாளி தன் நோயை மறைத்திருப்பானாயின் அவனும் வாய்திறவான்.

அளந்து பார்க்கலாமே என்று கேட்கலாம். அக்காலத்தில் அளக்கப்பட்டது இரத்தமன்று, சிறுநீர். பெனடிக்ற் என்னும் அமெரிக்க இரசாயனர் ஆக்கிய நீலக் கரைசலிற் சில துளி சிறுநீரை விட்டுக் கொதிக்கவைப்பர். சீனியின் அளவுக்கேற்ப அது பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறும். 1941 ஆம் ஆண்டில் அடுப்பில்லாமற் பரிசோதிக்க வில்லையும் வந்தது. ஆயினும் ஒரு பெருங்குறை. இரத்தத்திற் சீனி ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்தபின்னரே பெரும்பாலோருடைய சிறுநீரில் அது தோன்றும். நீலம் நீலமாகவே இருந்தால் சீனி மிகையில்லை என்பது மட்டுமே தெரியும். நலமாக இருக்கின்றானா, இன்னும் அரைமணியில் மயங்கி வீழ்வானா என்பதை அந்நீலம் சொல்லாது. மிகையைக் காட்டி, குறையை மறைத்த இந்தப் பரிசோதனையையே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிலாளியும் வைத்தியரும் நம்பியிருக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் எழுந்த தடைச்சட்டங்களைக் கடுமையானவை என்று கண்டிப்போர் இக்குறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சீனி இறங்கும்போது உடல் முதலில் எச்சரிக்கும். வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசி எடுக்கும். அப்போதே ஒரு கோப்பை தோடம்பழச்சாறோ சில கட்டிச் சீனியோ உட்கொண்டால் போதும். தவறவிட்டால் மூளை தடுமாறும், பார்வை மங்கும், பேச்சுக் குழறும், கோபம் வரும். மூளைக்கு முக்கிய எரிபொருள் குளுக்கோசே ஆதலால், குறையை உணரவேண்டிய உறுப்பே குறையினால் முதலிற் கெடுகின்றது. அந்நிலையில் இருப்பவன் தனக்கு ஒன்றுமில்லை என்று வாதாடுவான், நெம்புகோலை விடமாட்டான். பார்ப்போர் குடிவெறி என்று தவறாக எண்ணுவதும் உண்டு. இதனாலேயே தாம் நீரிழிவாளர் என எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் வழக்கம் தோன்றியது. பல ஆண்டுகள் இன்சுலின் ஏற்றியோர் சிலரிடம் வியர்வை, நடுக்கம் முதலிய முன்னெச்சரிக்கைகளே மறைந்துவிடுகின்றன. குருதியழுத்தத்திற்குக் கொடுக்கும் சில மருந்துகளும் நடுக்கத்தையும் படபடப்பையும் மூடிவிடும். பளிச்சிடும் விளக்கை அணைத்துவிட்டு ஆபத்தை மட்டும் விட்டுவைப்பது போன்றது இது.

இத்தகைய நிலையில் நாற்பது தொன் பாரவூர்தியைச் செலுத்த ஒருவரை விடலாமா என்னும் கேள்விக்கு அரசாங்கங்கள் கூறிய விடை, விடமுடியாது என்பதே. ஐக்கிய அமெரிக்காவில், மாநிலங்களுக்கிடையே செல்லும் வணிக ஊர்திகளை இன்சுலின் ஏற்றுவோர் செலுத்தலாகாது என்னும் விதி 1970 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. பிரித்தானியாவில் 1991 ஆம் ஆண்டு ஏப்ரில் முதல் இன்சுலின் ஏற்றுவோருக்குப் பார ஊர்திக்கும் பேருந்துக்கும் புதிய அனுமதிப்பத்திரம் மறுக்கப்பட்டது. வீதிக்கு விதி இவ்வாறிருக்க, தொழிற்சாலை மதிலுக்குள் ஓடும் கவைப் பாரந்தூக்கி, கடைசல் இயந்திரம், அழுத்தி முதலியவற்றைப் பெரும்பாலும் அவ்வத் தொழிற்சாலை வைத்தியரின் தனித் தீர்ப்பே ஆண்டது. ஓரிடத்தில் விலக்கப்பட்டவர் அடுத்த தெருவில் ஏற்கப்பட்டார்.

தடைக்குப் பின்னிருந்த அச்சம் நியாயமானதே. பாரந்தூக்கியின் கீழே நிற்பவன் தன் உயிரை மேலே இருப்பவனிடம் ஒப்படைத்துள்ளான். அவனுக்கும் பிள்ளைகள் உண்டு. ஆயினும் தடை இரு பிழைகளைத் தன்னுள் கொண்டிருந்தது. முதலாவது, ஊசியை எல்லைக்கோடாகக் கொண்டது. 1942 ஆம் ஆண்டில் பிரான்சின் மொன்பெலியே நகரில், தைபோயிட் காய்ச்சலுக்குப் புதிய சல்பா மருந்தொன்றைக் கொடுத்த ஜன்போன் என்னும் வைத்தியர், நோயாளிகளின் இரத்தச் சீனி ஆபத்தாக இறங்குவதைக் கண்டார். அவ்வூர் அறிஞர் லுபத்தியே அதன் காரணத்தை ஆராய்ந்தார். அதிலிருந்தே 1950களின் நடுவில் நீரிழிவுக்கு வில்லை பிறந்தது. ஆகவே வில்லையாலும் சீனி இறங்கும். அதே காலத்தில், 1957 ஆம் ஆண்டில், பாரிசில் ஜோன் ஸ்ரேர்ண் என்பவர் அறிமுகப்படுத்திய மெற்போர்மின் என்னும் வில்லை தனித்துக் கொடுக்கப்படும்போது அத்தகைய ஆபத்தை அரிதாகவே தரும். ஒரு வில்லைக்கும் மற்றொரு வில்லைக்கும் இத்துணை வேற்றுமை இருக்க, ஊசி ஏற்றுவோர் அனைவரையும் ஒரு பக்கமும், வில்லை விழுங்குவோர் அனைவரையும் மறுபக்கமும் நிறுத்தியது அறிவுக்குப் பொருந்துவதன்று. பெரும்பான்மையான நீரிழிவாளர் எந்த ஊசியும் ஏற்றாதவர் என்பதையும் வேலைகொள்வோர் பலர் அறியாதிருந்தனர்.

இரண்டாவது பிழை அதனினும் பெரிது. தடை நோயை அகற்றவில்லை. நோயை மறைக்கக் கற்பித்தது. ஊசி போட்டால் வேலை போகும் என்றறிந்த சாரதி ஊசியைத் தள்ளிப்போட்டான். வைத்தியர் வற்புறுத்தினும் வில்லையோடு காலம் கடத்தினான். சீனி ஏறியே கிடந்தால் மயக்கம் வராது என்று கணக்கிட்டு, வேண்டுமென்றே அதனை உயரத்தில் வைத்திருந்தவர்களும் உண்டு. அதன் விலை சில ஆண்டுகளின் பின் கண்ணிலும் காலிலும் சிறுநீரகத்திலும் அறவிடப்படும். மறைப்பவன் தோழனிடமும் சொல்லான். வியர்த்துக் கொட்டும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சீனி தின்னவும் அஞ்சுவான். பாதுகாப்புக்கென எழுந்த விதி பாதுகாப்பின் முதற்படியாகிய வெளிப்படைப் பேச்சையே அடைத்துவிட்டது.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். அமெரிக்கத் தடைவிதி எழுதப்பட்ட அதே 1970 ஆம் ஆண்டிலேதான், விரல்நுனி இரத்தத் துளியில் சீனியை அளக்கும் முதலாவது கருவி அந்நாட்டிலேயே விற்பனைக்கு வந்தது. அன்ரன் கிளெமென்ஸ் என்பவர் ஆக்கிய அக்கருவி ஒரு கிலோகிராமுக்கு மேல் நிறையுடையது, விலையும் மிகுதி, வைத்தியர்களுக்கென்றே ஆக்கப்பட்டது. அது சுருங்கிச் சுருங்கி நோயாளியின் சட்டைப்பைக்குள் நுழைய ஏறக்குறையப் பத்தாண்டு சென்றது. நுழைந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. முன்பு நீலக் கரைசல் மறைத்த குறையை இப்போது எண் காட்டியது. பின்பு அவ்வெண்களைக் கருவி தானே நினைவில் வைத்துக்கொள்ளவும் பழகிற்று. சொல்லை நம்பவேண்டிய இடத்தில் சான்று வந்து நின்றது.

1993 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு புதிய சிக்கலொன்றையும் கொணர்ந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டுக் காலம் தொடர்ந்து கவனித்த அவ்வாய்வு, சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடு பெரிதும் குறையும் என்று நிலைநாட்டியது. அவ்வாறு கட்டுப்படுத்தியோரிடம் கடுமையான சீனிக்குறை ஏறக்குறைய மூன்று மடங்காக நேர்ந்தது என்பதையும் அது மறைக்கவில்லை. எதிர்காலக் கண்ணுக்கு நல்லது இன்றைய இயந்திரத்தருகே தீதாகலாம். இரண்டுக்கும் நடுவே தக்க அளவைக் காண்பதற்கு அவ்வத் தொழிலாளியைத் தனித்தனியே அறிந்த வைத்தியர் வேண்டும். ஒரே கோடு கீறிய சட்டம் போதாது.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1984 ஆம் ஆண்டிலேயே, தகுதியுள்ள நீரிழிவாளர் எவருக்கும் எவ்வேலையும் நோய் காரணமாக மட்டும் மறுக்கப்படலாகாது என்னும் நிலைப்பாட்டை எடுத்தது. நீதிமன்றங்கள் மெல்லவே அவ்வழி வந்தன. ரெக்சாஸ் மாநிலத்தில் உணவுப்பொருளைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையொன்றில் தற்காலிகமாக வேலைசெய்த ஒருவருக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொல்லப்பட்டது. வைத்திய பரிசோதனையில் சிறுநீரிற் சீனி காணப்பட்டதும் அவ்வாக்கு மீளப் பெறப்பட்டது. கட்டுப்பாடற்ற நீரிழிவு என்று கம்பனியின் வைத்தியர் முடிவுசெய்தார். அதற்கு அந்த ஒரு சிறுநீர்ச் சோதனையே ஆதாரம். அதே தொழிற்சாலையில் அவர் முன்பு வேலைசெய்து காட்டியிருந்தமை எண்ணப்படவில்லை. 2006 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. 1908 ஆம் ஆண்டளவில் பெனடிக்ற் கண்ட முறையின் வழிவந்த எண்ணம், அது பயன்குன்றிய பின்னரும் ஒரு மனிதனின் பிழைப்பைத் தீர்மானிக்க முனைந்தது என்பதே இவ்வழக்கில் நினைவிற் கொள்ளத்தக்கது.

வீதிவிதிகளும் இளகின. அமெரிக்காவில் 1993 ஆம் ஆண்டிற் சிலருக்கு விலக்களித்துப் பார்த்தனர்; 2003 ஆம் ஆண்டில் தனித்தனி விண்ணப்பங்களை ஆராய்ந்து விலக்களிக்கும் முறை வந்தது; 2018 ஆம் ஆண்டு நவம்பரிற் பொதுத்தடையே நீங்கிற்று. சிகிச்சையளிக்கும் வைத்தியரின் சான்றும் மூன்று மாதக் குருதிச் சீனிப் பதிவும் காட்டினால், ஓராண்டுக்கு மேற்படாத தகுதிச்சான்று வழங்கப்படும். விழித்திரை கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. பிரித்தானியா 2011 ஆம் ஆண்டில் தடையை நீக்கி, நுட்பமான நிபந்தனைகளை வகுத்தது. முந்திய பன்னிரண்டு மாதங்களிற் பிறர் உதவி வேண்டிய சீனிக்குறை ஏற்பட்டிருத்தலாகாது. ஊர்தி ஓட்டாத நாளிலும் இருமுறை அளத்தல் வேண்டும். ஓட்டும் நாளிற் புறப்படுமுன் இரண்டு மணிநேரத்திற்குள்ளும், பின் இரண்டு மணிநேரத்திற்கு ஒருமுறையும் அளத்தல் வேண்டும். லீற்றருக்கு 5 மில்லிமோல், அதாவது நம் வைத்தியசாலைகளில் வழங்கும் கணக்கில் ஏறக்குறைய 90 மில்லிகிராம், இருந்தாலே சக்கரத்தைத் தொடலாம் என்பது அங்கே சாரதிகளின் வாய்ப்பாடம். நான்குக்குக் கீழே இறங்கினால் வண்டியை நிறுத்தி, இனிப்பு உண்டு, சீனி சரியான நிலைக்கு மீண்டபின்னும் நாற்பத்தைந்து நிமிடம் காத்திருத்தல் வேண்டும். எண் ஏறிவிட்டாலும் மூளை முழுமையாகத் தெளிய அவ்வளவு நேரம் செல்லும்.

வானத்தில் இன்னும் கண்டிப்பு. 2012 ஆம் ஆண்டில் பிரித்தானியா இன்சுலின் ஏற்றும் விமானிகளை வணிக விமானங்களிற் பணியாற்ற விட்டது. பறக்குமுன்னும், பறக்கும்போது மணிக்கொருமுறையும், இறங்குவதற்கு அரைமணி முன்னும் அவர்கள் விரலிற் குத்தி அளந்தார்கள். அளவு 5 முதல் 15 வரை பச்சை. அதற்கு அப்பாற் சென்றால் மஞ்சள். நான்குக்குக் கீழோ இருபதுக்கு மேலோ சிவப்பு. சிவப்பானால் விமானத்தைத் துணைவிமானியிடம் ஒப்படைத்துவிடல் வேண்டும். முதற் சில ஆண்டுகளில் 38,000 க்கு மேற்பட்ட அளவீடுகள் திரண்டன. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேற்பட்டவை பச்சையில் இருந்தன. அமெரிக்காவும் 2019 ஆம் ஆண்டில் அவ்வழியைத் திறந்தது.

விமானியின் ஒழுங்கைப் பட்டறைக்குக் கொண்டுவருவது எவ்வாறு? அளவிற் பெரிய வேறுபாடில்லை. பொறியை இயக்குமுன் ஒருமுறை அளத்தல். உணவு வேளையைப் பிறர் விருப்பத்திற்கு விட்டுவிடாமை. பாரமான வேலை உள்ள நாளில் மருந்தையும் உணவையும் வைத்தியரோடு கலந்து மாற்றிக்கொள்ளல். குளுக்கோசு வில்லையோ சீனியோ உடைமாற்றும் அறையிலுள்ள பெட்டியிலன்றிச் சட்டைப்பையிலோ பாரந்தூக்கியின் கூண்டிலோ இருத்தல் வேண்டும். தடுமாறும் மனிதன் இருபது முழ ஏணியால் இறங்கி வந்து அதனைத் தேடமாட்டான். அறிகுறி கண்டவுடன் செய்யவேண்டியது முதலில் உண்பதன்று. தூக்கிய பாரத்தைத் தரையில் இறக்கி, தடையை இட்டு, இயக்கத்தை நிறுத்தி, அதன்பின்னரே உண்ணல் வேண்டும். பதினைந்து கிராம் அளவு சீனிப்பொருள் உண்டு, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளத்தல் வழக்கம். அருகில் வேலைசெய்யும் ஒருவராவது விடயத்தை அறிந்திருத்தல் வேண்டும். மயங்கியவன் வாயில் நீர் ஊற்றலாகாது என்பதையும் அவர் அறிந்திருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் விழித்திரையைக் காட்டுவதும், உணர்வு மரத்த பாதத்தை மாலையிற் சப்பாத்தைக் கழற்றிப் பார்ப்பதும் இதே கணக்கிற் சேரும். உலோகத் துகள் சப்பாத்தினுள் கிடந்தது தெரியாமல் ஒரு முறை வேலையை முடித்தவனுக்கு அக்காலே போய்விடக்கூடும். உலைக்கூடத்தின் வெப்பத்தில் வைத்த இன்சுலின் வலுவிழக்கும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

செலவு என்னும் கேள்வி எஞ்சுகின்றது. நாளுக்கு நான்கைந்து முறை அளப்பதற்கு வேண்டிய கீற்றுகளின் விலை விமானிக்குப் பெரிதன்று, நாட்கூலிக்காரனுக்குப் பெரிது. பிரித்தானிய, அமெரிக்க விதிகளை இலங்கைத் துறைமுகத்திற்கோ தேயிலைத் தொழிற்சாலைக்கோ அப்படியே பெயர்த்து எழுதினால், விதி இருக்கும், கீற்று இராது. நிபந்தனை விதிப்பவர் அதற்கான பொருளை வழங்குபவராகவும் இருத்தலே முறை. விபத்தொன்றுக்கு நட்டஈடு கொடுப்பதினும் அளவிகளும் கீற்றுகளும் வாங்கிக் கொடுப்பது எந்த முதலாளிக்கும் மலிவானதே.

இப்போது விரலிற் குத்தாமலே தோளில் ஒட்டிய சிறு உணர்வி சில நிமிடங்களுக்கு ஒருமுறை சீனியை அளந்து, இறங்கத் தொடங்குமுன்னரே கைத்தொலைபேசியில் ஒலியெழுப்புகின்றது. முயலின் வலிப்பிலிருந்து இவ்விடம் வரையும் வந்தாயிற்று. ஆயினும் நெசவாலையின் இரைச்சலில் அவ்வொலி கேட்பதில்லை. கவனம் சிதறுமென அஞ்சி, ஓடும் இயந்திரத்தருகே தொலைபேசி கொண்டுசெல்லலாகாது என்னும் விதியும் பல தொழிற்சாலைகளில் உண்டு. அதுவும் பாதுகாப்புக்காகவே ஆக்கப்பட்ட விதிதான். ஆகவே தொழிலாளியின் தோளில் உணர்வி அளந்துகொண்டிருக்க, எச்சரிக்கை உடைமாற்றும் அறையிலே பூட்டிய பெட்டிக்குள் ஒலிக்கின்றது. அதிரும் கைப்பட்டி ஒன்றை அனுமதித்தால் இச்சிக்கல் தீரும். அதற்கு முதலில், தோளில் ஒட்டியிருப்பது யாது என்பதைத் தொழிலாளி மேற்பார்வையாளரிடம் அச்சமின்றிச் சொல்லக்கூடியவனாக இருத்தல் வேண்டும்.